குடும்பம் ஊர் திரும்பலாம், கார் திரும்பக் கூடாதா?

சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு குடும்பம் தஞ்சாவூருக்கே திரும்பிவிட முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன்டெய்னர் பிடிக்கிறார்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, கட்டில், பிள்ளைகளின் சைக்கிள், ஒரு காலத்தில் ஊரிலிருந்தே கொண்டுபோன டேபிள்டாப் கிரைண்டர் என்று எல்லாம் அதில் ஏறுகின்றன. வெளிநாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு, புழங்கிய வீட்டுச் சாமான்களைச் சில லட்சம் ரூபாய் மதிப்புவரை கொண்டுவரச் சுங்கத்துறை சலுகை தருகிறது. ‘டி.ஆர்.’ என்று ஏஜென்டுகள் சொல்வது இதைத்தான். ஆனால், கீழே பார்க்கிங்கில் நிற்கிற காரைப் பற்றிக் கேட்டால், “அதை அங்கேயே வித்துட்டு வாங்க சார்” என்கிறார் அதே ஏஜென்ட்.

அவர் சொல்வதில் தவறில்லை. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், இரண்டாவது பிரிவிலேயே, பயணியின் உடைமைகள் எவையெவை என்று வரையறுக்கும்போது மோட்டார் வாகனத்தை வெளியே தள்ளிவிடுகிறது. தனியாகக் கப்பலில் பின்னால் வருகிற சாமான்கூட உடைமைதான். கார் மட்டும் கிடையாது. அம்பாசிடருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் எழுதிய வரி அது. அன்னியச் செலாவணி அரிதாக இருந்த நாட்டில், வெளிநாட்டுக் கார் என்பது மிகச் சிலருக்கே கிடைத்த ஆடம்பரமாக இருந்த நாளில், அதற்குப் பொருள் இருந்தது. இன்று நடுத்தரக் குடும்பம் மாதத் தவணையில் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற பொருளாகக் கார் மாறிவிட்டது. சட்டத்தின் வரி மாறவில்லை.

உடைமை இல்லையென்றால் அது வணிக இறக்குமதி. பழைய கார் இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரிக்கு என்ன விதியோ அதே விதிதான், சொந்தக் காரைக் கொண்டுவரும் ஆசிரியைக்கும் செவிலியருக்கும். அந்த விதிகளைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

கார் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி இடப்பக்கமாகச் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக விழ வேண்டும். இறக்குமதியான நாளிலிருந்து இன்னும் ஐந்து ஆண்டுகளுக்காவது சாலையில் ஓடும் தகுதி இருப்பதாகச் சான்று வேண்டும். கப்பல் ஏற்றுமுன் அங்கே ஒரு சோதனை, வந்திறங்கிய பின் இங்கே ஒரு சோதனை. இவை அனைத்தும் சரியாக இருந்தாலும் கார் இறங்க வேண்டிய இடம் மும்பை துறைமுகம் மட்டுமே.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தக் கடைசி விதி கூடுதலாக உறுத்தும். சென்னையைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உருவாகிற கார்கள் உலகின் பல நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் காருக்கென்றே தனி முனையம் இருக்கிறது. கப்பலின் வயிற்றுக்குள் கார்கள் தாமாகவே ஓடி ஏறுகின்றன. புதிய கார் இறக்குமதிக்குச் சென்னையும் அனுமதிக்கப்பட்ட வாசல்தான். ஆனால், தஞ்சாவூர்க் குடும்பத்தின் இரண்டு வயதுக் கார் சிங்கப்பூரிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு மும்பை போய், அங்கே நின்று, தேதி தவறினால் டெமரேஜ் கட்டி, பிறகு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும்.

அடுத்தது வரி. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், பயன்படுத்திய கார்களுக்கான அடிப்படைச் சுங்கவரி 125 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகக் குறைந்தது என்று செய்தி வந்தபோது, வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர் சந்தோஷப்பட்டிருக்கக்கூடும். அதே அறிவிப்பில் வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி 67.5 சதவீதம் சேர்ந்துகொண்டது. முன்பு 125-உடன் அதில் பத்திலொரு பங்கு சமூகநலக் கூடுதல் வரியாக வந்து மொத்தம் 137.5 ஆனது. இப்போது 70-உம் 67.5-உம் சேர்ந்து அதே 137.5. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்துக் காரின் மதிப்பு 15 லட்சம் ரூபாய் என்று சுங்கத்துறை ஏற்றுக்கொள்கிறது. அதன் மேல் சுங்கவரிகள் 20.62 லட்சம், ஆக 35.62 லட்சம். இந்தக் கூட்டுத்தொகையின் மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல் கார்களுக்கு அது 40 சதவீதம், 14.25 லட்சம். மொத்தம் ஏறத்தாழ 49.87 லட்சம். பதினைந்து லட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டும் ஏறக்குறைய 35 லட்சம். இதற்குப் பிறகுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் படியேற வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வரி ஏறிய அந்த விலையையே அடிப்படையாக வைத்தால் இன்னும் பத்து லட்சம். இவ்வளவு கொடுத்து யார் கொண்டுவருவார்கள்? யாரும் கொண்டுவருவதில்லை. ஆகவே, திரும்பும் குடும்பங்களின் கார்களால் அரசுக்குப் பெரிய வருவாயும் கிடையாது. வருவாய் போய்விடும் என்ற வாதம் இங்கே எடுபடாது.

துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ திரும்புகிறவருக்கு இந்தக் கணக்கைப் போடும் வேலைகூட இல்லை. வளைகுடா நாடுகளில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, ஸ்டியரிங் இடப்பக்கம். தமிழ்நாட்டுக்காரர்கள் மிக அதிகமாகப் போய்வருகிற பகுதியின் கார் ஸ்டியரிங் விதியிலேயே அடிபட்டுப் போகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இடப்பக்க ஸ்டியரிங் வண்டி இந்தியச் சாலையில் ஓடவே கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120-ஆவது பிரிவு, வேலை செய்கிற சிக்னல் கருவி பொருத்தியிருந்தால் ஓட்டலாம் என்கிறது. சுற்றுலாப் பயணி ஒருவர் நெதர்லாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ தன் இடப்பக்க ஸ்டியரிங் வேனை ஓட்டிக்கொண்டு இந்தியாவுக்குள் வரலாம். ‘கார்னே’ என்ற சுங்க உத்தரவாதப் புத்தகத்தைக் காட்டினால் ஒரு பைசா வரியில்லாமல் ஆறு மாதம் நாடெங்கும் சுற்றலாம். மாமல்லபுரம் கடற்கரைப் பக்கமும் கன்னியாகுமரியிலும் அப்படிப்பட்ட வண்டிகள் வந்து நிற்பதைக் கண்டிருப்போம். இத்தகைய தனியார் வாகனங்களுக்கென்றே மத்திய அரசு 2022-இல் தனி விதிகள் வகுத்தது: சொந்த நாட்டுப் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று இருந்தால் போதும். வந்து போகிறவருக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கும் நாடு, வந்து தங்குகிற தன் குடிமகனுக்கு ஏன் கதவை அடைக்க வேண்டும்?

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? பிரிட்டனில் குடியேறுகிறவர், அதற்கு முன் குறைந்தது 12 மாதம் வெளிநாட்டில் வசித்திருந்து, காரை ஆறு மாதமாவது சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருந்தால், சுங்கவரியும் இல்லை, 20 சதவீத வாட் வரியும் இல்லை. கார் நாட்டுக்குள் வந்த 14 நாளுக்குள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு வாகனப் பதிவு. இடப்பக்க ஸ்டியரிங் தடையில்லை. முகப்பு விளக்கைத் திருத்த வேண்டும், பின்பக்கப் பனிமூட்ட விளக்கு வலப்பக்கமோ நடுவிலோ இருக்க வேண்டும், வேகமானி மைலில் காட்ட வேண்டும் என்று சில திருத்தங்கள் கேட்பார்கள். அவ்வளவுதான். ஓர் ஆண்டுக்குள் அந்தக் காரை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பது நிபந்தனை.

இலங்கைத் தமிழர் பலருக்கு இந்த நடைமுறை பழக்கமானது. போரில் புலம்பெயர்ந்து நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் நாடுகளில் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவுகளின் அருகாமைக்காகவும் பின்னாளில் லண்டன் பக்கம் இடம்பெயர்ந்தன. அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்ததால் காருக்குச் சுங்கம் என்ற பேச்சே எழவில்லை. 2021 ஜனவரி 1-க்குப் பிறகு அதே பயணத்துக்குச் சுங்கப் படிவம் தேவைப்படுகிறது. ஆனாலும், குடிபெயர்ந்து வருகிறவருக்கான விலக்கு அவர்களுக்கும் கிடைக்கிறது. எல்லை இறுகியபோதுகூட, வீடு மாற்றுகிறவரின் காரை வீட்டுப் பொருளாகப் பார்ப்பதை அந்த நாடு கைவிடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விதிமுறையும் ஏறக்குறைய இதே அச்சுதான்: 12 மாத வெளிநாட்டு வாழ்க்கை, ஆறு மாதப் பயன்பாடு, 12 மாத விற்பனைத் தடை. நியூசிலாந்து, ஓர் ஆண்டாவது சொந்தமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும் என்கிறது. இரண்டு ஆண்டு விற்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வரியை விட்டுவிடுகிறது.

எல்லா இடத்திலும் கதவு அகலத் திறந்திருக்கிறது என்று சொல்வது நேர்மையாகாது. ஆஸ்திரேலியா வரி வாங்கும். அதற்கு மேல் சுத்தமும் பார்க்கும். சக்கரத்தின் மேல்வளைவுக்குள் ஒட்டிய சேறு, கால்மிதிக்கு அடியில் கிடக்கிற புல்விதை, ரேடியேட்டரில் சிக்கிய பூச்சி எதுவானாலும் உயிரிப் பாதுகாப்பு அதிகாரி வண்டியைக் கழுவச் சொல்லி நிறுத்திவிடுவார். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஒரு கேஸ்கட் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அமெரிக்காவோ, தன் பாதுகாப்புத் தரத்துக்குத் தயாரிக்கப்படாத காரை, அதற்கு 25 வயது ஆகும்வரை சாதாரணமாக ஏற்பதில்லை. இதற்கு வழிவகுத்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால், தன் முகவர்களின் வியாபாரம் கெடுகிறது என்று மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் நடத்திய முயற்சி பெரிதாக இருந்தது. சிங்கப்பூரும் மூன்று வயதுக்கு மேற்பட்ட காரை உள்ளே விடுவதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கவலை: மண், உயிர், இடம், தொழில். ஆனால், இங்கே போல எல்லாக் கவலைகளையும் ஒன்றாகக் கட்டி, அதன் மேல் மூன்று மடங்கு விலையையும் ஏற்றி வைப்பது அரிது.

இந்தியாவின் கவலைகளையும் மதித்தே பேச வேண்டும். பழைய வாகனங்களின் குப்பைக்கிடங்காக நாடு ஆகிவிடக் கூடாது என்பது வெற்றுப் பயம் கிடையாது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2015 முதல் 2018 வரை ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்காவிலிருந்து 1 கோடியே 40 லட்சம் பழைய இலகு வாகனங்கள் ஏற்றுமதியாயின. அவற்றில் 40 சதவீதம் ஆப்பிரிக்காவுக்குப் போனவை. புகை கக்குகிற, பிரேக் பிடிக்காத வண்டிகள் அங்கே மனித உயிர்களை விலை கேட்கின்றன. அந்த நிலை இங்கே வரக் கூடாது. ஆனால், அது வியாபாரிகள் கப்பல் கப்பலாக அனுப்பும் சரக்கு. ஒரு குடும்பம், ஒரு தடவை, தான் ஓட்டிய ஒரு காரைக் கொண்டுவருவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற நான்கைந்து வயதுக் கார், இங்கே ஏற்கெனவே ஓடுகிற எத்தனையோ வண்டிகளைவிடக் குறைவாகவே புகை விடும்.

இரண்டாவது கவலை மோசடி. இதுவும் உண்மை. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் பெயரில் சொகுசுக் கார்களை இறக்கி, இங்கே வேறு பணக்காரர்களுக்குக் கைமாற்றிய கும்பல்கள் பல ஆண்டுகளாகப் பிடிபட்டு வந்திருக்கின்றன. 2013 மார்ச்சில் சென்னையில் சி.பி.ஐ. நடத்திய சோதனைகள் அப்படிப்பட்ட 33 கார்களைப் பற்றியவை. 48 கோடி ரூபாய் வரி இழப்பு என்பது புகார். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய ‘நும்கோர்’ சோதனை, பூட்டான் வழியாகக் கடத்திவந்து, போலி ஆவணத்தில் வேறு மாநிலத்தில் பதிவு செய்ததாகச் சொல்லப்படும் வண்டிகளைத் தேடியது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: இவ்வளவு கடுமையான விதிகள் கடத்துகிறவரைத் தடுக்கவில்லை. நேர்வழியில் வர நினைப்பவரை மட்டும்தான் தடுத்திருக்கின்றன.

சலுகை என்பதே அரசுக்குத் தெரியாத விஷயம் என்றும் சொல்ல முடியாது. 2002-இல் மைக்கேல் ஷூமாக்கர் கையால் சச்சின் டெண்டுல்கருக்கு ஃபெராரி 360 மொடேனா கிடைத்தபோது, 1.13 கோடி ரூபாய் சுங்கவரியை விட்டுக்கொடுக்க மத்திய அரசு முன்வந்தது. வழக்கு வந்தது, விமர்சனம் எழுந்தது. கடைசியில் ஃபியட் நிறுவனம் அந்த வரியைக் கட்டியது. கார் நிறுவனங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்: 2018 முதல், ஐரோப்பிய அல்லது ஜப்பானியத் தரச்சான்று பெற்ற வலப்பக்க ஸ்டியரிங் கார்களை, ஆண்டுக்கு 2,500 வரை, இங்கே முழுச் சோதனை இல்லாமலே ஒரு நிறுவனம் கொண்டுவரலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வணிக ஒப்பந்தம், குறிப்பிட்ட ஒதுக்கீட்டுக்குள் பிரிட்டிஷ் கார்களுக்கான சுங்கவரியை, நூற்றுக்கு மேல் இருந்த நிலையிலிருந்து, படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வழிசெய்கிறது. பர்மிங்காமில் பதினைந்து ஆண்டு வாழ்ந்துவிட்டு மதுரை திரும்புகிற மருத்துவரின் பழைய காருக்கு அதே 137.5 சதவீதம். ஷோரூமில் பளபளக்கும் காருக்குத் திறக்கிற கதவு, வீட்டு வாசலில் நின்ற காருக்கு மூடியிருப்பது நியாயம்தானா?

இதில் அதிகம் அடிபடுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நடக்க முடியாத பிள்ளை உள்ள குடும்பம் வெளிநாட்டில் வாங்கி வைத்திருக்கும் வண்டி வேறு மாதிரி இருக்கும். தளத்தைத் தாழ்த்தி, பின்கதவில் சாய்தளம் போட்டு, சக்கர நாற்காலியோடு அப்படியே உள்ளே ஏற்றி, தரையில் உள்ள கொக்கிகளில் நான்கு பட்டைகளால் இறுக்கிக் கட்டுகிற ஏற்பாடு. இங்கே அப்படி ஒரு வண்டி ஷோரூமில் கிடைக்காது. தனியாகச் செய்து வாங்க வேண்டும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்ப வேண்டிய கட்டாயம் ஒருபக்கம், பிள்ளையைத் தூக்கிச் சுமக்க வேண்டிய நிலை மறுபக்கம். இந்தக் குடும்பத்திடம் மூன்று மடங்கு விலை கேட்பது கொடுமை. முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

சுங்கம் தாண்டிய பிறகு மாநிலத்தின் பங்கு தொடங்குகிறது. நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காருக்கு நுழைவு வரி கேட்கப்பட்டு, வழக்கு 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தோடு தள்ளுபடியானதும், தனி நீதிபதியின் கருத்துகளை மேல்முறையீட்டு அமர்வு பின்னர் நீக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். ஜி.எஸ்.டி. வந்ததோடு நுழைவு வரி போய்விட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-ஆவது விதி, படிவம் 20-உடன், இறக்குமதி வண்டியாக இருந்தால் சுங்க அனுமதிச் சான்றையும், பிணைப்பத்திரம் இருந்தால் அதையும் கேட்கிறது. சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியில் ஓர் எழுத்து மங்கலாக இருந்தால், சுங்க ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கோப்பு திரும்பி வரும். இறக்குமதி வண்டியை அன்றாடம் பார்க்காத ஊர்களின் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் ஆய்வாளருக்கே நடைமுறை புதிதாக இருக்கும்.

மாற்றம் கேட்பது பெரிய புரட்சி எதையும் கேட்பதாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்பும் குடும்பத்துக்கு, ஓராண்டாவது தன் பெயரில் ஓட்டிய ஒரே ஒரு காரைச் சுங்கச் சட்டத்தின் கீழ் ஒரு விலக்கு அறிவிப்பின் மூலம் உடைமையாக ஏற்கலாம். வரியே வேண்டாம் என்றுகூட இல்லை. வீட்டுச் சாமானுக்கு உள்ளதைப் போன்ற ஒரு மிதமான விகிதம் போதும். விலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் சொகுசுக் கார்கள் நுழையாது. மூன்று ஆண்டு வரம்பை ஐந்து அல்லது ஆறு ஆண்டாகத் தளர்த்தி, புகை அளவும் பிரேக்கும் கறாராகப் பார்க்கலாம். மும்பையோடு சென்னை, எண்ணூர், கொச்சியையும் சேர்க்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிக்கு வயது வரம்பையும் ஸ்டியரிங் நிபந்தனையையும் தளர்த்துவது மனிதாபிமானக் கடமை.

கைமாறாமல் பார்த்துக்கொள்ளக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. வங்கிக் கடனில் வாங்கிய காரின் ஆர்.சி.யில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி கடன் குறிப்பு ஏறுகிறது, வங்கி என்.ஓ.சி. தராமல் அந்தக் காரை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. நாட்டின் ஏறத்தாழ எல்லா வாகனப் பதிவுகளும் ‘வாகன்’ என்ற ஒரே கணினித் தொகுப்பில் வந்துவிட்ட நிலையில், வங்கி இருக்கும் இடத்தில் சுங்கத்துறையின் பெயரைப் போட்டு, நான்கு ஆண்டுக்குப் பூட்டு போட்டுவிடலாம். ஊட்டியில் பதிந்தாலும் உத்தராகண்டில் பதிந்தாலும் அந்தப் பூட்டு திரையில் தெரியும். அதற்குள் விற்க வேண்டிய நிலை வந்தால், விட்டுக்கொடுத்த வரியைக் கட்டி என்.ஓ.சி. வாங்கிக்கொள்ளட்டும்.